ஓடுகிற வண்டியைப் பிரிப்பவர்

மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்குக்கு அடியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு திருகு இருக்கும். ஒரு பக்கம் திருப்பினால் பெட்ரோல் வரும். இன்னொரு பக்கம் திருப்பினால் நிற்கும். மூன்றாவது பக்கம் ரிசர்வ். டேங்க் வற்றுகிற நேரத்தில் பங்க் வரைக்கும் போய்ச் சேர அடியில் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கும் ஏற்பாடு. வண்டி ஓட்டும் எல்லோருக்கும் இது தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. வண்டி வாங்கியதிலிருந்து வருஷக்கணக்காக என்னுடைய திருகு ரிசர்விலேயே இருந்தது. அதனால் எனக்குப் பெட்ரோல் தீர்ந்தால் முன்னறிவிப்பே கிடையாது, ஒரேயடியாகத் தீரும். நான் இறங்கித் தள்ளுவேன். பங்க்காரர்கள்தான் அளவில் ஏமாற்றுகிறார்கள் என்று ஆராய்ந்து முடிவுக்கு வந்து, அதைப் பற்றி நகைச்சுவைக் கட்டுரை ஒன்றும் எழுதினேன். அதுவும் அச்சானது. எங்கள் ஊரிலும் இதே அநியாயம்தான் என்று வாசகர்கள் இரண்டு பேர் எழுதிப் போட்டார்கள். அவர்கள் வண்டியில் திருகு எந்தப் பக்கம் இருந்தது என்று இப்போது எனக்குக் கவலையாக இருக்கிறது.

இந்த ரகசியம் வெளியான இடம் திருமங்கலம் ரோடு. நான் கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். திருநகரில் வீடு. அன்று காலை தலையில் ஹெல்மெட்டும் முதுகில் சாப்பாட்டுப் பையுமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது, என்னைத் தாண்டிப் போன ஒரு மோட்டார் சைக்கிள் வேகம் குறைந்து ஓரமாக நின்றது. இறங்கியவர் ஒரு பெண். கஞ்சி போட்ட காட்டன் சேலை. அதற்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை ஒன்று, கை நீளமாக. கொசுவத்தை ஒரு பக்கமாக இழுத்துச் செருகியிருந்தார். ஐம்பதுக்குக் கிட்டத்தட்ட வயது இருக்கும். கைக்கடிகாரத்தை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருந்தார்.

என்ன ஆச்சு என்று அவர் கேட்கவில்லை. நேராக வந்து குனிந்து டேங்குக்கு அடியில் பார்த்தார்.

"சார், இது எம்புட்டு நாளா இப்படி இருக்கு?"

"எது?" என்று கேட்டேன்.

அந்தக் கேள்வியிலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கோபப்படுவார், இல்லை சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. புத்தகத்தில் மட்டுமே படித்திருந்த நோயை முதல்முறையாக நேரில் பார்க்கிற டாக்டரைப் போல அவர் முகம் மலர்ந்தது. தன் வண்டியிலிருந்து ரப்பர் குழாய் போட்டு எனக்குப் பெட்ரோல் இறக்கிக் கொடுத்தார். திருகின் மூன்று பக்கங்களையும் காட்டினார். பிறகு சொன்னார்: "சனிக்கிழமை வண்டியக் கொண்டாங்க. பிரிச்சிருவோம்."

"எதுக்கு டீச்சர்? பெட்ரோல் போட்டாச்சுன்னா நல்லாத்தானே ஓடுது." அவர் டீச்சர் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பார்த்தாலே வாயில் வந்துவிடும்.

"நல்லா ஓடுது. அதனாலதான்."

இதுதான் அவர். இதற்கு மேல் நான் எழுதப்போவதெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரைதான்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவிலேயே குடியிருந்திருக்கிறார். திருமங்கலத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் ஆசிரியை. கெட்டுப்போன பொருளை அவர் தொடவே மாட்டார், அதில் அவருக்கு ஆர்வமே கிடையாது. "நின்ன பெறகு பிரிக்கிறது போஸ்ட்மார்ட்டம் சார். ஓடுறப்ப பிரிக்கிறதுதான் வைத்தியம்" என்பார். பிள்ளைகள் தவளை வெட்ட வேண்டாம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்ட பிறகு, அவருக்கு வேறு எதையாவது பிரித்தாக வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது என்பது அவருடைய கணவரின் ஆய்வு முடிவு.

அந்தக் கணவர் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாந்தமான மனிதர். எப்போது போனாலும் வாசலில் நின்றுகொண்டே இருப்பார். முதலில் அதை மரியாதை என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, நாற்காலிகள் உள்ளே கால் வேறு கை வேறாகச் செய்தித்தாளின் மேல் கிடந்தன. ஆட்டம் காணவில்லை, ஆட்டம் காண்பதற்கு முன் இறுக்கிவிட வேண்டும் என்பதற்காக. "எங்க வீட்ல கெட்டுப்போன பொருளே கெடையாது தம்பி. ஆனா முழுசா இருக்குற பொருளும் கெடையாது" என்று அவர் ஒருமுறை சொன்னார். குரலில் வருத்தம் ஏதும் இல்லை. தட்பவெப்பம் சொல்வதுபோல் சொன்னார்.

சனிக்கிழமை காலை அந்த வீட்டுப் போர்டிகோ ஒரு திருவிழா. முதலில் மோட்டார் சைக்கிள். செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பல் தேய்க்கும் பிரஷால் கண்ணி கண்ணியாகத் தேய்ப்பார். அது ஊறும் நேரத்தில் வீடு. குழாய் ஒவ்வொன்றின் வாஷரும் வெளியே வந்து வெளிச்சம் பார்த்துவிட்டு உள்ளே போகும். கதவுக் கீல்களுக்கு எண்ணெய். மொட்டை மாடியில் மழைத்தண்ணீர் இறங்கும் துவாரத்துக்குள் கைவிட்டுத் துழாவல், அதுவும் ஏப்ரலில். மேல்தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துப் பேசுவார். என்ன பேசுவார் என்று கீழே கேட்காது, பாராட்டு மாதிரிதான் இருக்கும். இதற்கு நடுவில் என் வண்டியும் அங்கே கிடக்கும். அதன் உள்ளுறுப்புகளைப் பார்த்தபோது, இவ்வளவையும் இத்தனை நாள் நம்பி உட்கார்ந்திருந்தேனே என்று தோன்றியது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் கையில் ஸ்பேனர் இருக்கும்போது பக்கத்தில் நிற்பவனுக்கும் ஒரு துள்ளல் வந்துவிடும். தபால் பிரிக்கிற மாதிரி. உள்ளே என்ன இருக்குமோ என்று.

எல்லாவற்றையும் பிரித்துத் திரும்பப் பூட்டியபின் ஒரு திருகு மிச்சம் இருக்கும். எப்போதும். அவர் அதைக் கலங்காமல் எடுத்துப் பழைய ஊறுகாய் பாட்டிலுக்குள் போடுவார். "கம்பெனிக்காரன் பயத்துல ஒண்ணு சேத்துப் போட்ருக்கான்" என்பார். அந்த பாட்டில் முக்கால்வாசி நிறைந்திருந்தது. மதுரை வட்டாரத்தில் இத்தனை கம்பெனிக்காரர்கள் இத்தனை பயந்து கிடந்தார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஒரு கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்குக் கேக் கொண்டுவந்தார். என் மனைவி அடுக்களையில் மிக்ஸியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தார். டீச்சர் தட்டை நீட்டியபடியே தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். அந்தச் சாய்வு எனக்குத் தெரியும். என் மனைவிக்குத் தெரியாது. "சத்தமெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர், புதுசு மாதிரி ஓடுது" என்று அவர் பெருமையாகச் சொல்லிவிட்டார். அடுத்த நிமிஷம் கைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் வெளியே வந்தது. அதே பையில்தான் வேதாகமமும் இருக்கும். சட்னி பாதி அரைபட்ட நிலையில் மிக்ஸி சாப்பாட்டு மேசையில் விரிந்து கிடந்தது. மோட்டாருக்குள்ளிருந்து ஒரு சின்னக் கரித்துண்டை எடுத்து என் மனைவியின் உள்ளங்கையில் வைத்து, "பாத்தீங்களா, இது எவ்வளவு அழகா தேயுது" என்றார். என் மனைவி அதை ஏதோ பிரசாதம் மாதிரி வாங்கிப் பார்த்தார். வழக்கப்படி ஒரு திருகு மிச்சம். அன்றிலிருந்து என் மனைவி ஒரு கையால் மூடியை அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத்தான் மிக்ஸி போடுகிறார். அது இன்றும் ஓடுகிறது. அந்த ஒரு திருகு இல்லாமல் எப்படி ஓடுகிறது என்பதுதான் எங்கள் குடும்பத்தின் ஒரே ஆன்மிக விசாரணை.

இந்தக் காய்ச்சல் எனக்கும் தொற்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவியின் அண்ணன் குடும்பத்தோடு விருந்துக்கு வந்திருந்த நேரம், சொட்டுக்கூடச் சொட்டாத குளியலறைக் குழாய் ஒன்றைப் பிரித்தேன். மேலே வால்வை மூட வேண்டும் என்பது பிரித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஒரு கட்டைவிரலால் தண்ணீரை அடைத்துக்கொண்டு, இன்னொரு கையால் டீச்சருக்குப் போன் போட்டேன்.

"சொட்டுச்சா?" என்று கேட்டார்.

"இல்ல டீச்சர், நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்ப சரியாத்தான் ஆரம்பிச்சிருக்கீங்க" என்றார் மகிழ்ச்சியாக. இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அது ஒன்றுதான். கூடத்தில் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்த மனைவியின் அண்ணன், "மாப்ள, இங்க குளியலும் உண்டுன்னு முன்னாடியே சொல்லிருந்தா வீட்லயே குளிச்சிட்டு வந்திருப்போம்ல" என்றார்.

தினமும் காலையில் கப்பலூர் வரைக்கும் நாங்கள் முன்னும் பின்னுமாக ஒரே சாலையில்தான் போவோம். அவர் கண்ணால் ஓட்டுகிறவர் இல்லை, காதால் ஓட்டுகிறவர். பக்கத்தில் போகும் வண்டி எதுவானாலும் தலை சாயும். சிக்னலில் நிற்கும் முன்பின் தெரியாத ஆளிடம், "அண்ணே, உங்க செயின் அழுகுது" என்பார். அந்த ஆள் திடுக்கிட்டுக் கீழே பார்ப்பார். டோல்கேட் வரிசையில் ஒரு லாரி டிரைவரைக் கீழே இறக்கி, அவர் வண்டியின் முன்சக்கரத்தைத் தட்டிக் காட்டியதைப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் லைசென்ஸ் காட்டச் சொல்லிக் கையைக் காட்டி நிறுத்திய போலீஸ்காரரின் வண்டி, அரைமணி நேரத்தில் ஓரமாகப் படுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு, டீச்சர் கேட்கக் கேட்க ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். லைசென்ஸை அவர் பார்த்த மாதிரி தெரியவில்லை.

இப்போது அவர் தூத்துக்குடியில் மகள் வீட்டில் இருக்கிறார். போன் பேசினால் நடுவில் அவர் குரல் நின்றுபோகும். அங்கே தலை சாய்ந்திருக்கிறது என்று புரிந்துகொண்டு, நான் ஓடிப்போய் ஃபேனை அணைத்துவிடுவேன்.

அவர் மனம் கலங்கி நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. அதற்குக் காரணம் நான்தான். அதாவது நானும் ஒரு பூசணிக்காயும்.

அவர் கணவரின் சொந்த ஊரில், திருமங்கலத்தைத் தாண்டி நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போனால் பருத்திக் காட்டுக்கு நடுவில், ஒரு சின்ன சர்ச் இருக்கிறது. அங்கே அறுப்பின் பண்டிகை. விளைந்ததில், வீட்டில் செய்ததில் ஒரு பங்கை எல்லோரும் ஆண்டவருக்குக் கொண்டுவந்து பந்தலில் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலம் போகும், பணம் சபைக்கு. வாழைத்தார், சேவல், எம்ப்ராய்டரி போட்ட தலையணை உறை எல்லாம் இருக்கும். தென்னந்தோப்பே வைத்திருப்பவர் ஒற்றைத் தேங்காயை மல்லுக்கட்டி ஏலம் எடுப்பார். டீச்சர் என்னையும் கூப்பிட்டார். என் வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்த காரணத்தால் அவர் வீட்டுப் போர்டிகோவில் பிரிந்து கிடந்தது. ஆகவே அவர் வண்டியின் பின்னால், மடியில் அவர் காணிக்கைப் பூசணிக்காயோடு உட்கார்ந்து போனேன். அது என்னைவிட ஸ்திரமாக உட்கார்ந்திருந்தது.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த மாடலைக் கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டது. அவர் கைபடாத ஒரு ஆணி அதில் கிடையாது. வேலையில் சேர்ந்த காலத்திலிருந்து அதில்தான் பள்ளிக்கூடம். பண்டிகைக்காக முந்தின நாள் மெழுகு போட்டுத் துடைத்திருந்தார். டேங்கில் முகம் பார்த்துத் தலை சீவலாம். வெயில் டயருக்கு ஆகாது என்று பந்தல் நிழலுக்குள் கொண்டுபோய் நிறுத்திவிட்டு ஆராதனைக்குப் போனார். எனக்குப் பூசணிக்காய் கனத்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் அதை வண்டியின் சீட்டில் நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டு, நான் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

ஆராதனை முடிந்து ஏலம் தொடங்கியபோது டீச்சர் அங்கே இல்லை. கரண்ட் போய்விடும் என்று சர்ச்சுக்குப் பின்னால் வாடகை ஜெனரேட்டர் ஒன்று அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. அருமையாக ஓடிக்கொண்டிருந்தது என்று எழுதும்போதே என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டே நிமிஷம் என்று ஜெனரேட்டர்காரரிடம் சொல்லி அதை நிறுத்திப் பிரித்துவிட்டார். மைக் செத்தது. ஏலம் விடுகிறவர் ஒரு பலசரக்குக் கடைக்காரர், சபைக் கமிட்டியில் இருப்பவர். அவர் தொண்டையை நம்பி இறங்கினார்.

சேவல் போனது, கேக் போனது. பிறகு அவர் பூசணிக்காய் உட்கார்ந்திருந்த வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். மெழுகு போட்ட வண்டியையும் மேலே இருந்த பூசணிக்காயையும் மாறி மாறிப் பார்த்தார். பந்தலுக்குள் இருப்பதெல்லாம் காணிக்கைதானே. அவர் குரல் உடைந்தது. "சபையாரே, நம்ம டீச்சரம்மா தன்னோட வண்டியையே ஆண்டவருக்குக் குடுத்துட்டாங்க" என்றார்.

முன்வரிசையில் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். டீச்சரின் மகளுக்கு அந்த வருஷம் வேலை கிடைத்திருந்தது, பொருத்தனை போல, நேர்ந்துகொண்டிருப்பார் என்று யாரோ பக்கத்தில் விளக்கினார்கள். ஐயர் எழுந்து நின்றார். அந்தப் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். அவர் கைகளை உயர்த்தி, இந்த வாகனத்துக்காகவும் கொடுத்த கைகளுக்காகவும் ஜெபமே செய்துவிட்டார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். பழக்கமில்லாத இடத்தில் எல்லோரும் சொல்வதைச் சொல்லிவிடும் பயத்தில் நானும் சொன்னேன்.

ஏலம் ஆரம்பித்தது. காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டிருந்த டீச்சரின் கணவரிடம் ஓடினேன். அவர் முன்வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கால் நான்கும் ஒழுங்காக இருந்த நாற்காலி. முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு நிம்மதி.

"சார், வண்டி போகுது. ஏதாச்சும் சொல்லுங்க சார்."

"ஆண்டவரே கேக்குறப்ப நாம தடுக்கலாமா தம்பி" என்றார்.

சர்ச்சுக்குப் பின்னால் ஓடினேன். டீச்சர் முழங்கை வரை கறுப்பாக, ஜெனரேட்டருக்குள் இருந்தார். மூச்சிரைக்கச் சொன்னேன். "எந்த வண்டி?" என்று கேட்டார். சொன்னேன். கையில் இருந்த பிளக்கை விட்டுவிட்டு வருவார் என்று பார்த்தேன். வரவில்லை. அதைத் துடைத்து, அதன் இடத்தில் வைத்து, இறுக்கி, மூடி பூட்டிவிட்டுத்தான் எழுந்தார். ஜெனரேட்டர்காரர் கயிற்றை இழுத்ததும் அது உறுமிக்கொண்டு கிளம்பியது. அந்தச் சத்தத்தை ஒரு கணம் நின்று கேட்டுவிட்டுத்தான் நடந்தார். ஆனால் நடை வேகம்.

பந்தலுக்குள் அவர் நுழைந்ததும் கைதட்டல். ஐயர் ஓடிவந்து இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார், பிறகு தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். விலை அதற்குள் நல்ல உயரத்துக்குப் போயிருந்தது. போட்டியில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பெரிய மீசைக்காரர், பக்கத்து ஊர் விவசாயி. அவர் சபையைச் சேர்ந்தவர் இல்லை, இந்தப் பண்டிகைச் சேவல் நன்றாக இருக்கும் என்று வருஷா வருஷம் வருகிறவராம். இன்னொருவர் மருமகனுக்கு வண்டி தேடிக்கொண்டிருந்த ஒரு ரிட்டயர்டு ரயில்வேக்காரர். மீசைக்காரரின் விலைதான் மேலே நின்றது. ஒரு தரம் சொல்லியாயிற்று.

"டீச்சர், தப்பு நடந்துபோச்சுன்னு சொல்லிருங்க. பூசணிக்காய நான்தான் வச்சேன்னு சொல்லுங்க" என்று காதருகில் கெஞ்சினேன்.

அவர் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஜெபம் பண்ணிட்டாரு சார்" என்றார். "ஜெபம் பண்ணதுக்கப்புறம் அது என்னுது இல்லன்னு ஆயிருச்சே. எப்படித் திரும்பக் கேக்குறது?" சொல்லிவிட்டு, கையில் இருந்த கறுப்பைக் கஞ்சி போட்ட சேலையிலேயே துடைத்துக்கொண்டார். வண்டி போகிறது என்பது எனக்கே அப்போதுதான் முழுதாக உறைத்தது. திங்கட்கிழமை காலை திருமங்கலம் ரோட்டில் எனக்கு முன்னால் அது இருக்காது.

இரண்டு தரம் என்றார் கடைக்காரர், உயிர்பெற்ற மைக்கில்.

"ஒரு நிமிஷம்" என்றார் டீச்சர். "மூணாவது தரம் சொல்றதுக்கு முன்னாடி, வாங்குறவங்களுக்கு வண்டியப் பத்திச் சொல்லிரணும். சொல்லாம குடுத்தா அது காணிக்கை இல்ல, ஏமாத்து."

ஐயர் தலையாட்டினார். டீச்சர் மீசைக்காரரை வண்டிக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். பூசணிக்காயை எடுத்து என் கையில் கொடுத்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். பிறகு தொடங்கினார். வகுப்பில் அவர் இருதயம் நடத்துவதை நான் பார்த்ததில்லை, இப்படித்தான் இருக்கும். சனிக்கிழமை தவறாமல் செயின் மண்ணெண்ணெயில் ஊற வேண்டும். மழையில் போய் வந்த அன்றைக்கே காற்று வடிகட்டியைக் கழற்றிக் காயவைக்க வேண்டும். கார்பரேட்டரை மாதம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும், கோளாறு இருந்தால் அல்ல, இல்லாவிட்டால். மிதித்து ஸ்டார்ட் செய்து, "இப்ப கேக்குதுல்ல டிக்கு டிக்குன்னு, இது சரியான சத்தம். இது மாறுனா உங்களுக்குத் தெரியணும். தூக்கத்துலயும் தெரியணும்" என்றார். மீசைக்காரர் குனிந்து பார்த்தார், சுற்றி வந்தார், மறுபடி குனிந்தார்.

"முன் பிரேக் கேபிள் இப்ப ரொம்ப நல்லாருக்கு தம்பி. அதனால வர்ற வாரம் மாத்திருங்க."

"நல்லாருக்கிறத எதுக்கு டீச்சரம்மா மாத்தணும்?"

"நல்லாருக்கிறப்பத்தான் மாத்தணும்."

மீசைக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு கடைக்காரரைப் பார்த்தார். "நான் விட்டுர்றேண்ணே" என்று சொல்லிவிட்டுச் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் போய் நின்றார்.

சபையில் ஒரு முனகல். சரி, இதற்கு முந்தின விலை ரயில்வேக்காரருடையது, அவருக்கே என்றார் கடைக்காரர். டீச்சர் முகம் திரும்பவும் மலர்ந்தது. ரயில்வேக்காரரைக் கூப்பிட்டு முதலிலிருந்து தொடங்கினார், செயினிலிருந்து. கார்பரேட்டர் வருவதற்குள் ரயில்வேக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். அதற்கு முந்தின விலை சொன்னவரைத் தேடினார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்கும் முந்தினவர் தன் பெயர் தப்பாகச் சொல்லப்பட்டதாகச் சொன்னார். விலை படி படியாக இறங்கிக்கொண்டே வந்தது. ஏலம் ஏறித்தான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன். இறங்குகிற ஏலத்தை அன்றுதான் பார்த்தேன். பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறி நின்றார்கள். ஒவ்வொருவர் விலகும்போதும் நான் பூசணிக்காயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எம்பி எம்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரம்ப விலைக்கு வந்து நின்றதும் தாங்க முடியாமல் ஒரு கையைத் தூக்கினேன். நானே எடுத்து அவரிடமே கொடுத்துவிடலாம் என்று.

"கைய இறக்குங்க சார்" என்றார் டீச்சர். "வண்டிய வேணும்னா பாழுங்கெணத்துல தள்ளுறேன். ஒங்ககிட்டக் குடுக்க மாட்டேன்."

சபை சிரித்து முடிக்கும்வரை கடைக்காரர் காத்திருந்தார். வேறு யாரும் இல்லை. டீச்சர் ஐயரிடம் திரும்பினார். "ஐயரே, நான் கேக்கலாமா?"

"யாரும் கேக்கலாம்மா" என்றார் ஐயர்.

"அப்ப மேல நின்ன விலை, மீசைக்காரத் தம்பி சொன்னாருல்ல, அதுக்கே எடுத்துக்கிறேன். எம் பேச்சால ஆண்டவருக்குக் கொறையக் கூடாது."

ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். பந்தல் அதிர்ந்தது. ஐயர், கறை படிந்த கைகளாலேயே, சாவியை எடுத்துக் கொடுத்தார். டீச்சர் சாவியை வாங்கியதும் நெஞ்சில் அணைக்கவோ கண் கலங்கவோ இல்லை. குனிந்து, கூட்டம் இடித்ததில் கண்ணாடி திரும்பியிருக்கிறதா என்று பார்த்தார். அவர் கணவர் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் அந்த நாற்காலியிலேயே இருந்தார்.

திரும்பி வரும்போது பின்னால் உட்கார்ந்துகொண்டு, உங்கள் சாமர்த்தியம் யாருக்கு வரும் டீச்சர், பேசியே எல்லோரையும் விரட்டிவிட்டீர்களே என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. யாரையும் விரட்ட நினைக்கவில்லையாம். அந்த மீசைக்காரர் எல்லாவற்றையும் அக்கறையாகக் குனிந்து பார்த்தாரே, அவர் சரியென்று சொல்லியிருந்தால் நிம்மதியாகக் கொடுத்திருப்பாராம்.

இந்தக் கதையை நான் சொல்லாத இடம் இல்லை. ஆபீஸில், கல்யாண வீட்டில், ஓர் இலக்கியக் கூட்டத்தில்கூட. ஒரு பொருளின்மேல் வைத்த அன்பை முழுசாகச் சொல்லிவிட்டால் வேறு யாரும் அதை வாங்கத் துணிய மாட்டார்கள் என்று முடிப்பேன். யாராவது ஒருவர் அதை எழுதி வைத்துக்கொள்வார். எனக்கு அது பிடிக்கும்.

போன மாதம் திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் அந்த மீசைக்காரரைப் பார்த்தேன். மீசை நரைத்திருந்தது. என்னைப் பூசணிக்காய்க்காரர் என்று சரியாக அடையாளம் சொன்னார். விடுவேனா, அன்று டீச்சர் பேசியதில் எந்த இடத்தில் உங்கள் மனம் மாறியது என்று கேட்டேன்.

"அவுக பேசுனத யாருண்ணே கேட்டா?" என்றார் அவர், டீயை ஆற்றிக்கொண்டே. "மிதிச்சு ஸ்டார்ட் பண்ணாகள்ல, அப்பத்தான் குனிஞ்சு பாத்தேன். செல்ஃப் ஸ்டார்ட் இல்ல. எனக்கு மொழங்கால் வலிண்ணே."